பேரே கேள்விப்படாத டீம் எதிர்ல வந்தா: காலேஜ் பாஸ்கெட்பால் ஃபேன்ஸ் எதைத் தேடறாங்க, எதை விட்டுடறாங்க

மார்ச் மாச நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பாலோட பெரிய நாக்அவுட் போட்டியான என்சிஏஏ டோர்னமெண்ட்டுக்கான 68 டீம் லிஸ்ட்டை டிவில அறிவிப்பாங்க. எவன் யாரோட மோதணும், எந்த ஊர்ல, எந்தக் கிழமை, எல்லாமே அன்னிக்குத்தான் தெரியும். அறிவிச்ச அடுத்த நிமிஷம் பெரிய டீமோட ஃபேன்ஸ் பண்ற வேலை எதிர் டீம் பேரை போன்ல தட்டி "யாருடா இவனுங்க"ன்னு பார்க்கறதுதான். 2023 மார்ச் 12 அன்னிக்கு பர்டியூங்கற பெரிய காலேஜோட ஃபேன்ஸுக்கு அதுகூட கொடுத்து வைக்கல. எதிர்ல ஒரு பேரு இல்ல, ரெண்டு பேரு இருந்துச்சு: டெக்சாஸ் சதர்ன், ஃபேர்லீ டிக்கின்சன். இந்த ரெண்டும் புதன்கிழமை ராத்திரி டேட்டன்ல மோதி, ஜெயிக்கிறவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொலம்பஸ்ல பர்டியூவோட ஆடணும். அதாவது எதிரி யாருன்னு உறுதியா தெரிஞ்சு அவனைப் படிக்க முழுசா ரெண்டு நாள்கூட கிடையாது, கோச்சுக்கும் அதே கதைதான்.

முடிவு பாஸ்கெட்பால் பார்க்கற எல்லாருக்கும் தெரியும், 63-58ன்னு ஃபேர்லீ டிக்கின்சன் ஜெயிச்சான். டோர்னமெண்ட்ல நாலு பிரிவு, ஒவ்வொரு பிரிவுலயும் 1-ல இருந்து 16 வரைக்கும் ரேங்க் போட்டு வைப்பாங்க, அதை சீடுன்னு சொல்றது. பர்டியூ 1-ம் சீடு, ஃபேர்லீ டிக்கின்சன் 16-ம் சீடு. ஆண்கள் டோர்னமெண்ட்ல 16-ம் சீடு 1-ம் சீடை ஜெயிச்சது அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான், 2018-ல. எனக்கு இந்த மேட்ச்ல முடிவை விட அதுக்கு முந்தின ரெண்டு நாள்ல ஃபேன்ஸ் எதைப் பார்த்தாங்க, எதைப் பார்த்திருக்கணும்ங்கறதுதான் சுவாரசியம், ஏன்னா அதே தப்பு வருஷா வருஷம் வேற வேற காலேஜ்ல நடக்குது.

முதல்ல ஏன் இப்படி அறிமுகமே இல்லாம இருக்குன்னு சொல்லிடறேன். அந்த சீசன்ல காலேஜ் ஆட்டத்தோட மேல்மட்டமான டிவிஷன் 1-ல மட்டும் 363 டீம். ஒரு டீம் ஆடற 30 சொச்சம் மேட்ச்ல பெரும்பகுதி தன்னோட கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது தான் சேர்ந்திருக்கற காலேஜ் குழுவுக்குள்ளேயே, முடிஞ்சிடும். பர்டியூ இருந்த பிக் டென்ல அப்ப 14 டீம், அந்த 14 டீமை ஃபேன்ஸுக்கு அத்துப்படி, யாரு இடது கைப் பையன், யாரு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கற இலவச ஷாட்) சொதப்புவான்னுகூட தெரியும். ஃபேர்லீ டிக்கின்சன் ஆடற நார்த்ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் வேற உலகம். இந்த மாதிரி சின்ன கான்ஃபரன்ஸ்ல இருந்து வழக்கமா ஒரே ஒரு டீம்தான் உள்ள வரும், அதுவும் அவங்க கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்டை ஜெயிச்சு. இவங்க அதுலயும் ஃபைனல்ல மெரிமாக்கிட்ட 67-66ன்னு தோத்துட்டுத்தான் வந்தாங்க! மெரிமாக் டிவிஷன் 2-ல இருந்து மேல வந்து இன்னும் காத்திருப்பு வருஷம் முடியல, அதனால டோர்னமெண்ட்டுக்குப் போக அனுமதி இல்ல, அந்த இடம் இவங்களுக்குக் கிடைச்சுது. முந்தின சீசன்ல இவங்க ஜெயிச்சதே மொத்தம் 4 மேட்ச்.

இப்ப ஒரு பர்டியூ ஃபேன் புதன் ராத்திரி இதையெல்லாம் படிக்கிறான்னு வைங்க. ஃபைனல்ல தோத்தவன், போன வருஷம் 4 மேட்ச் ஜெயிச்சவன், டிஃபென்ஸ் நாட்டுலேயே கடைசி வரிசை. நம்ம ஊர் கபடி டோர்னமெண்ட்ல தெரியாத ஊர் டீம் இறங்குனா ஜனம் முதல்ல தொடையைத்தான் பார்க்கும், அது மாதிரி இங்க முதல்ல பார்க்கறது உயரம். ஃபேர்லீ டிக்கின்சன் சராசரி உயரத்துல 363 டீம்லயும் குள்ளமான டீம். அவங்க முக்கியமான கார்டு (பந்தை மேல கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தற ஆளு) டெமெட்ரே ராபர்ட்ஸ் 5 அடி 8 இன்ச். பர்டியூ நடுவுல நிக்கிற ஸாக் ஈடி 7 அடி 4 இன்ச், அந்த வருஷம் நாட்டோட சிறந்த பிளேயர் விருது வாங்கினவன். பெட்டிங் சந்தைல 23 பாயிண்ட்டுக்கு மேல வித்தியாசம் போட்டிருந்தாங்க. இவ்ளோ பார்த்துட்டு எவனா இருந்தாலும் லேப்டாப்பை மூடிட்டுப் படுக்கத்தான் போவான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா இது எல்லாமே "எதிர் டீம் எவ்ளோ நல்ல டீம்"ங்கற ஒரே கேள்விக்கான பதில். அந்தக் கேள்விக்கு பதில் சரியாவே கிடைச்சுது, அவங்க நல்ல டீம் இல்லதான். அவன் நம்மளை என்ன பண்ண வைப்பான்ங்கற கேள்வியை யாரும் பெருசா கேட்கல. குள்ளமான டீம்னா அவன் உயரத்தோட சண்டை போட மாட்டான், பந்து ஈடி கைக்குப் போய்ச் சேரவிடாம பார்ப்பான். கோர்ட் முழுக்க ப்ரெஸ் பண்ணுவான், அதாவது பந்தை உள்ள எடுத்துப் போடற நிமிஷத்துல இருந்தே ஓடி ஓடி வந்து கார்டுகளை மறிப்பான். கோச் டோபின் ஆண்டர்சன் அந்த வருஷம்தான் டிவிஷன் 2-ல இருந்த செயின்ட் தாமஸ் அக்வைனஸ்ங்கற சின்ன காலேஜ்ல இருந்து வந்திருந்தாரு, வரும்போது ராபர்ட்ஸ், கிராண்ட் சிங்கிள்டன், ஷான் மூர்னு மூணு பேரைக் கூடவே கூட்டிட்டு வந்தாரு. அதனால பேருக்குத்தான் இது புது டீம், ஆட்டம் பல வருஷமா சேர்ந்து பழகின ஆட்டம். இந்த விஷயம் ஒளிச்சு வச்ச ரகசியம் ஒண்ணுமில்ல, ரோஸ்டர் (ஆட்டக்காரங்க பட்டியல்) பக்கத்துல ஒவ்வொருத்தன் பேருக்கு எதிர்லயும் பழைய காலேஜ் எழுதியிருக்கும், அதைத் திறந்து பார்க்க பத்து நிமிஷம் போதும்.

இதை விட முக்கியமான துப்பு பர்டியூவோட சொந்த மேட்ச்லயே கிடந்துச்சு. அதே ஞாயித்துக்கிழமை, லிஸ்ட் அறிவிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி, பிக் டென் ஃபைனல்ல பென் ஸ்டேட்டை பர்டியூ 67-65ன்னு ஜெயிச்சாங்க. ஸ்கோரைப் பார்த்தா கடுமையான மேட்ச்னு தோணும், நடந்தது வேற, சௌகரியமா இருந்த பெரிய லீடு கடைசி நிமிஷங்கள்ல பென் ஸ்டேட் ப்ரெஸ் பண்ண ஆரம்பிச்சதும் கரைஞ்சு போச்சு, பந்தை மேல கொண்டு வர முடியாம திணறினாங்க. பந்து கையாள்ற பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர் ரெண்டு பேருமே முதல் வருஷப் பசங்க. சீசனை 22 வெற்றி, 1 தோல்வின்னு ஆரம்பிச்ச டீம் பிப்ரவரில வரிசையா சில மேட்ச் தோத்ததும் வெளியில இருந்து ஷாட் விழாததும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கப்பு ஜெயிச்ச சந்தோஷத்துல இதை யாரு கிண்டிக்கிட்டு உட்காருவா சொல்லுங்க.

வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு? ஈடிக்கு முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்னு சாண்ட்விச் போட்டு வச்சாங்க. அப்படியும் ஈடி 11 ஷாட்ல 7 போட்டு 21 பாயிண்ட், 15 ரீபவுண்ட் (தவறின ஷாட்டைப் பிடிக்கறது) எடுத்தான், தனி ஆளா பார்த்தா அருமையான ஆட்டம். அவன் 11 ஷாட்தான் அடிச்சான்ங்கறதுல தான் மேட்ச்சே இருக்கு. ரெண்டு பேர் அவன்கிட்ட நின்னா வெளியில யாரோ ஒருத்தன் காலியா நிப்பான், "நீயே அடிச்சுக்கோ"ன்னு விட்டுட்டாங்க, பர்டியூ த்ரீ, அதாவது தூரத்துல இருந்து அடிக்கற மூணு பாயிண்ட் ஷாட், 26 அடிச்சு விழுந்தது 5. டர்ன்ஓவர், அதாவது எதிராளிகிட்ட பந்தைத் தொலைச்சது, 16. இந்தப் பக்கம் ஷான் மூர் 19 பாயிண்ட், அவனுக்கு அது சொந்த ஊர், கொலம்பஸ் பையன், கடைசி நிமிஷத்துக்கு சற்று முன்னால ஒரு த்ரீ போட்டு 61-56 ஆக்கினான். அதோட முடிஞ்சுது.

சரி, ஒரு சாதாரண ஃபேன் கைல என்னதான் கருவி இருக்கு? பெரும்பாலானவங்க முதல்ல போறது கென் பொமராய் சைட்டுக்கு, கென்பாம்னு சுருக்கமா சொல்வாங்க. வானிலைத் துறைல வேலை பார்த்த மனுஷன், பொழுதுபோக்கா ஆரம்பிச்சது இன்னிக்கு கோச்சுங்களே பார்க்கற அளவுக்கு வந்துடுச்சு. அடிப்படை ரொம்ப எளிமை: ஒரு மேட்ச்சுக்கு எத்தனை பாயிண்ட்னு பார்க்காம, பந்து கைல வர்ற 100 தடவைக்கு எத்தனை பாயிண்ட்னு பார்க்கறது, அதையும் எதிர்ல ஆடினவன் தரத்தை வச்சு கூட்டிக் குறைச்சுச் சரி பண்றது. வேகமா ஓடற டீம் 85 பாயிண்ட் எடுக்கறதும் மெதுவா ஆடற டீம் 65 எடுக்கறதும் இதுல ஒரே தராசுல வந்துடும். காசு கட்ட வேண்டாம்னா பார்ட் டோர்விக் சைட் இருக்கு, அதுல எனக்குப் பிடிச்சது தேதி ஃபில்டர், பிப்ரவரி 1-க்கு அப்புறம் ஆடினது மட்டும் காட்டுன்னு கேட்டா காட்டும். சின்ன டீமுங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நவம்பர்ல பெரிய டீமுங்ககிட்ட அடி வாங்கின டீமும் மார்ச்ல வந்து நிக்கிற டீமும் பல நேரம் ஒண்ணு கிடையாது.

ரேங்க்கைப் பார்த்துட்டு மூடிடாம கீழ இறங்கிப் போனா டீன் ஆலிவர் சொன்ன நாலு விஷயம் இருக்கும்: ஷாட் எவ்ளோ விழுது, பந்தை எவ்ளோ தொலைக்கறான், தவறின ஷாட்டை எவ்ளோ திரும்பப் பிடிக்கறான், ஃப்ரீ த்ரோ லைனுக்கு எவ்ளோ போறான். இந்த நாலுலயும் எதிர் டீம் மொத்தத்துல சுமாராத்தான் இருப்பான், சின்ன டீம்தானே. ஏதாவது ஒண்ணுல மட்டும் நாட்டுலேயே உச்சத்துல இருக்கானான்னு தேடுங்க. எல்லாத்துலயும் நடுத்தரமா இருக்கற 14-ம் சீடை விட மூணுல மோசமாவும் ஒண்ணுல அதீதமாவும் இருக்கற 14-ம் சீடுதான் ஆபத்து. அந்த ஒண்ணு நம்ம டீமோட ஓட்டையில வந்து உட்கார்ந்துச்சுன்னா போச்சு.

2024-ல ஓக்லாண்ட் கென்டக்கியை 80-76ன்னு ஜெயிச்சது இதுக்கு நல்ல உதாரணம். முதல்ல பாதிப் பேருக்கு அந்த காலேஜ் எங்க இருக்குன்னே தெரியல, பேரைப் பார்த்து கலிஃபோர்னியான்னு நினைச்சவங்க ஏராளம், அது மிஷிகன்ல ரோச்சஸ்டர் பக்கம் இருக்கு. கோச் கிரெக் கேம்ப்பி 1984-ல இருந்து அங்கேயே இருக்கற ஆளு. அந்த டீம்ல ஜாக் கோல்கேன்னு ஒருத்தன், டிவிஷன் 2-ல இருந்த ஹில்ஸ்டேல் காலேஜ்ல இருந்து வந்தவன். அவன் ஸ்டாட் ஷீட்டை யாராவது ஒரு தடவை திறந்திருந்தா கண்ணைக் கசக்கிட்டுத் திரும்பப் பார்த்திருப்பாங்க: சீசன் முழுக்க த்ரீ 300-க்கு மேல அடிச்சிருக்கான், ரெண்டு பாயிண்ட் ஷாட் விரல் விட்டு எண்ணற அளவுதான். இதை விட வெளிப்படையா ஒரு டீம் தன் திட்டத்தைச் சொல்ல முடியாது. அன்னிக்கு ராத்திரி 20 த்ரீ அடிச்சு 10 போட்டான், மொத்தம் 32 பாயிண்ட். கணக்கு போட்டுப் பாருங்க, 20 ஷாட்ல 30 பாயிண்ட், ரெண்டு பாயிண்ட் ஷாட்ல இதை எடுக்கணும்னா 20-ல 15 போடணும். த்ரீய நம்பற டீமுக்கு பாதி நாள் இப்படி விழாது, விழாத நாள்ல 20 பாயிண்ட் வித்தியாசத்துல தோத்துட்டு வீட்டுக்குப் போவான், ஆனா நாக்அவுட்ல அவனுக்கு அந்த ஒரு நாள் போதும்.

த்ரீ பத்தி இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும், ஃபேன்ஸ் அடிக்கடி ஏமாற இடம் இது. "இவங்க டிஃபென்ஸ் பயங்கரம், எதிர் டீமெல்லாம் இவங்ககிட்ட த்ரீ 28 சதவீதம்தான் போட்டிருக்கான்"ன்னு எழுதுவாங்க. பொமராய் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றது, எதிராளி த்ரீ எவ்ளோ அடிக்கறான்ங்கறதைத்தான் டிஃபென்ஸ் ஓரளவு கட்டுப்படுத்த முடியும், அடிச்சது விழுதா இல்லையாங்கறது பெரும்பாலும் அதிர்ஷ்டக் கணக்குன்னு. அதனால சதவீதத்தைத் தள்ளி வச்சுட்டு எத்தனை அடிக்க விடறாங்கன்னு பாருங்க.

ஒரு மேட்ச் ஸ்கோரை வச்சு முடிவு பண்றதும் இதே ரகம். இவன் அவன்கிட்ட தோத்தான், அவனை நாம ஜெயிச்சோம், அப்ப இவனை ஊதித் தள்ளிடலாம்னு சங்கிலி போடுவாங்க. 2018-ல யூஎம்பிசிங்கற சின்ன காலேஜ் டீம் ஜனவரில ஆல்பனிகிட்ட 83-39ன்னு தோத்துச்சு, 44 பாயிண்ட்! அதே யூஎம்பிசி மார்ச்ல நாட்டோட நம்பர் 1 டீம் வர்ஜீனியாவை 74-54ன்னு கிழிச்சுது. அதுக்கு முன்னாடி வரைக்கும் ஆண்கள்ல 16-ம் சீடோட ஆடின 135 மேட்ச்லயும் 1-ம் சீடுதான் ஜெயிச்சிருந்துச்சு. அந்த மேட்ச்லயும் துப்பு வர்ஜீனியா பக்கமே இருந்துச்சு. அவங்க நாட்டுலேயே மெதுவா ஆடற டீம், ஒரு பக்கம் 60 தடவைதான் பந்து வரும்ங்கற மாதிரி ஆட்டம். திறமையான டீமுக்கு பந்து எவ்ளோ அதிகமா வருதோ அவ்ளோ நல்லது, குறைய குறைய சின்ன டீமோட அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். பாதி ஆட்டத்துல 21-21. அப்புறம் பின்தங்கினா வேகமா ஆடி எட்டிப் பிடிக்கற பழக்கமே அவங்களுக்கு இல்ல. போதாக்குறைக்கு டிஆண்ட்ரே ஹன்டர் அந்த வாரம்தான் மணிக்கட்டு அடிபட்டு வெளிய போனான், ஜைரஸ் லைல்ஸ் 28 பாயிண்ட் போட்டான். அடுத்த வருஷமே வர்ஜீனியா கப்பு ஜெயிச்சது வேற கதை.

இதெல்லாம் மார்ச். சீசன் ஆரம்பிக்கற நவம்பர் கதை கொஞ்சம் வேற, அங்க சின்ன டீமுங்க காசு வாங்கிட்டு வந்து ஆடும். பெரிய காலேஜ் தன் அரங்கத்துல ஒரு சுலபமான வெற்றி வேணும்னு சின்ன காலேஜுக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடும், சின்ன காலேஜுக்கு அது ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மென்ட் செலவுக்கு ஆகும். 2019 நவம்பர்ல எவன்ஸ்வில் அப்படி 90,000 டாலர் வாங்கிட்டு கென்டக்கிக்கு வந்து, அப்ப நம்பர் 1-ஆ இருந்தவங்களை 67-64ன்னு ஜெயிச்சுட்டுப் போயிட்டாங்க, காசும் போச்சு மேட்ச்சும் போச்சு. எவன்ஸ்வில் கோச் வால்டர் மெக்கார்ட்டி 1996-ல கென்டக்கிக்காக கப்பு ஜெயிச்ச டீம்ல ஆடினவரு. அந்த எவன்ஸ்வில் அதுக்கப்புறம் தன் கான்ஃபரன்ஸ்ல ஆடின 18 மேட்ச்லயும் தோத்தாங்க, ஒண்ணுகூட ஜெயிக்கல. அந்த மாதிரி மேட்ச்சை எந்தக் கணக்கு போட்டும் முன்னாடி சொல்லிட முடியாது, விட்டுத் தள்ளுங்க.

ரெண்டு வாரம் கழிச்சு, அதே மாசம், அப்ப நம்பர் 1-ஆ இருந்த டியூக்கை ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் 85-83ன்னு ஓவர்டைம்ல ஜெயிச்சது அப்படி இல்ல. டெக்சாஸ்ல நாகடோசஸ்ங்கற சின்ன ஊரு காலேஜ், எதிராளிகிட்ட இருந்து பந்தைப் பிடுங்கறதுதான் அவங்க பிழைப்பே, அந்த சீசன்ல டர்ன்ஓவர் பண்ண வைக்கறதுல நாட்டுலேயே முதலிடம். டியூக் அன்னிக்கு 22 தடவை பந்தைத் தொலைச்சாங்க. கடைசி நொடில பந்து கையை விட்டுப் போக, நேதன் பெய்ன் கோர்ட் முழுக்க ஓடிப் போய் பஸ்ஸர் அடிக்கும்போது போட்டான், வெளி கான்ஃபரன்ஸ் டீமுங்ககிட்ட சொந்த மண்ணுல டியூக் வச்சிருந்த 150 மேட்ச் தொடர் வெற்றி அதோட நின்னுச்சு. இதை முன்னாடியே சொல்லியிருக்க முடியுமான்னா முடிவைச் சொல்லியிருக்க முடியாது, "பந்தைப் பத்திரமா வச்சுக்கலேன்னா சிக்கல்"ன்னு தாராளமா சொல்லியிருக்கலாம்.

நவம்பர்ல இன்னொரு தலைவலி டிரான்ஸ்ஃபர். 2021-ல இருந்து பசங்க ஒரு வருஷம் உட்காராம நேரா வேற காலேஜ்ல ஆடலாம்னு ஆனதும் ரோஸ்டரெல்லாம் வருஷா வருஷம் தலைகீழா மாறுது. கென்பாம் நம்பர்லயே சீசன் ஆரம்பத்துல போன வருஷக் கணக்கு கலந்துதான் இருக்கும், ஜனவரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரையும். அதனால நவம்பர்ல டீம் பேரைத் தேடறது வேஸ்ட், ஆளு பேரைத் தேடணும், போன வருஷம் எங்க ஆடினான், எவ்ளோ நிமிஷம் ஆடினான்னு. சின்ன டீம்ல ஜொலிச்சவன் அங்கேயே இருக்க மாட்டான்ங்கறதும் இப்ப எழுதப்படாத விதி, ஓக்லாண்ட்ல கோல்கேயோட ஆடின ட்ரே டவுன்ஸெண்ட் அடுத்த சீசன்ல அரிசோனால இருந்தான்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, இந்த அறிமுகமின்மை ஒருபக்கமாத்தான் வேலை செய்யுது. பர்டியூ ஆடற ஒவ்வொரு மேட்ச்சும் தேசிய டிவில வருது, எந்தப் பையன் ப்ரெஸ் வந்தா தடுமாறுவான்னு நாட்டுக்கே தெரியும். ஃபேர்லீ டிக்கின்சன் மேட்ச் பார்க்கணும்னா தேடிப் போய் அரைகுறை கேமராவுல பார்க்கணும். டேட்டன்ல டெக்சாஸ் சதர்னை 84-61ன்னு ஜெயிச்ச ராத்திரியே ஆண்டர்சன் டிரெஸ்ஸிங் ரூம்ல பசங்ககிட்ட, பர்டியூவைப் பார்க்கப் பார்க்க நம்மளால ஜெயிக்க முடியும்னு தோணுதுன்னு சொன்ன வீடியோ வெளிய வந்துச்சு. பல பேரு சிரிச்சாங்க, கொஞ்ச பேரு கோவப்பட்டாங்க. அவரு என்னத்தைப் பார்த்து அப்படிச் சொல்றாருன்னு அவரு பார்த்த அதே வீடியோவைப் போய் பார்த்தவங்க ரொம்பக் கம்மி, இத்தனைக்கும் அது இவங்க டீமோட வீடியோ.

அடுத்த வருஷம், 2024-ல, பர்டியூவுக்கு அச்சு அசலா அதே நிலைமை வந்துச்சு. மறுபடி 1-ம் சீடு, மறுபடி புதன்கிழமை ராத்திரி வரைக்கும் எதிரி யாருன்னு தெரியாது, கடைசில கிராம்ப்ளிங் ஸ்டேட் மொன்டானா ஸ்டேட்டை ஓவர்டைம்ல ஜெயிச்சு வந்தாங்க, அவங்களுக்கு அது டோர்னமெண்ட்ல முதல் வருஷம். இந்த தடவை பர்டியூ ஃபேன்ஸ் எதிராளி உயரத்தைப் பத்தி ஜோக் அடிக்கல, எல்லாரும் பேசினது சொந்த கார்டுகளைப் பத்தி. கோடையிலயே சதர்ன் இல்லினாய்ஸ்ல இருந்து லான்ஸ் ஜோன்ஸ்ங்கற அனுபவமான கார்டைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, ஸ்மித்துக்கும் ஒரு வயசு கூடியிருந்துச்சு, பந்தை மேல கொண்டு வர்ற வேலை ஒரே பையன் தலைல விழாம பிரிஞ்சுது. ஈடி 30 பாயிண்ட், 21 ரீபவுண்ட், மேட்ச் 78-50. அங்க இருந்து ஃபைனல் வரைக்கும் போய்த்தான் நின்னாங்க, முந்தின வருஷமும் கப்பு ஜெயிச்ச யூகான்கிட்ட 75-60ன்னு தோத்தாங்க, ஆனா யூகான் யாருன்னு யாரும் தேடிப் பார்க்க வேண்டிய டீம் இல்லையே.